டிஸ்கைப் பிரிக்கும் கையேட்டில் ஒரு சிறு கோடு

லினக்ஸில் ஹார்ட் டிஸ்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்க எஃப்டிஸ்க், பார்ட்டட் என்ற இரண்டு நிரல்கள் அதிகம் புழங்குகின்றன. எஃப்டிஸ்கில் செய்யும் மாற்றங்கள் நினைவகத்தில் காத்திருக்கும்; 'டபிள்யூ' தட்டினால்தான் டிஸ்கில் ஏறும். க்னூ திட்டத்தின் பார்ட்டட் காத்திருக்காது. 'ஆர்எம் 2' என்று எழுதி என்டர் தட்டியதுமே இரண்டாவது பார்ட்டிஷன் அட்டவணையிலிருந்து போய்விடும். இப்படிப்பட்ட நிரலின் கையேட்டில் எழுத்தின் வடிவம் வெறும் அலங்காரமல்ல, பாதுகாப்பு.

யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பரில் பெல் ஆய்வகத்தில் உருவானது. அந்த வழியில் வந்த கையேடுகளில் ஒரு மரபு நிலைத்திருக்கிறது. தடித்த எழுத்தில் உள்ளதை அப்படியே தட்ட வேண்டும். சாய்வெழுத்தில் உள்ள இடத்தில் நம்முடைய எண்ணையோ பெயரையோ போட வேண்டும். திரையில் சாய்வெழுத்து பெரும்பாலும் அடிக்கோடாகத் தெரியும். சதுர அடைப்புக்குள் இருப்பதை விட்டுவிடலாம். புதுப் பார்ட்டிஷன் உருவாக்கும் கட்டளைக்குத் தொடக்கம், முடிவு எனப் பல விவரங்கள் தேவை. எல்லாமே ஒரே எழுத்தில் அச்சானால், எதைத் தட்டுவது, எதை மாற்றுவது என்று புதியவர் திகைத்துப்போவார்.

இன்னும் நுணுக்கமானது, கட்டளையின் விருப்பத்தேர்வுக்கு முன்னால் வரும் சிறு கோடு. கையேட்டை வடிவமைக்கும் க்ராஃப் நிரல், வெறும் கோட்டைச் சொற்களை இணைக்கும் கோடாக எடுத்துக்கொள்ளும். கட்டளைக்கு உரிய கோடு வேண்டுமானால் அதற்கு முன் ஒரு பின்சாய்வுக்கோடு இட வேண்டும். இடாவிட்டால், யூனிகோட் திரையில் வேறொரு குறி வந்து உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் நகலெடுத்து ஒட்டினால் கட்டளை வேலை செய்யாது. கையேட்டுக்குள் தேடினாலும் அகப்படாது. பல லினக்ஸ் வெளியீடுகள் இரண்டு கோடுகளையும் ஒன்றாகவே காட்டும்படி மாற்றிவைத்திருப்பதால், பிழை, கையேட்டை எழுதியவர் கண்ணில் படாமலே தங்கிவிடுகிறது.

அலகிலும் இதே கவனம் வேண்டும். எம்பி என்றால் 10,00,000 பைட்; எம்ஐபி என்றால் 10,48,576 பைட். ஜிபி அளவில் இடைவெளி இன்னும் பெருகும்: 100 ஜிஐபி என்பது 107 ஜிபிக்கும் சற்று அதிகம். நடுவில் உள்ள ஓர் 'ஐ' விடுபட்டால் பார்ட்டிஷனின் எல்லையே இடம் மாறும்.

கையேட்டில் உள்ள இத்தகைய பிழைகளைத் திருத்த, நிரல் எழுதும் சி மொழி தெரிய வேண்டியதில்லை. கையேடு சாதாரண எழுத்துக் கோப்புதான். படிக்கும்போது இப்படி ஒரு பிழை கண்ணில் பட்டால், திருத்தி நிரலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.