சிறு மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு

மும்பையின் சீத்தா கேம்ப் மக்கள் மான்கூர்டு நிலையத்தில் ஏறும் துறைமுக மார்க்கத்தில், 1925-ஆம் ஆண்டில் விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே 1500 வோல்ட் நேர் மின்னோட்ட ரயில்கள் ஓடத் தொடங்கின. அம்முறை 2016-இல் மாற்றப்பட்டது. பழைய வண்டிகள் புறப்படுகையில், மோட்டாருடன் தொடராக இணைத்த மின்தடைகள் வேகத்தை மட்டுப்படுத்தின. ஆயின் மின்சக்தியின் ஒரு பகுதி வெப்பமாக வீணாயிற்று.

வகுப்பறை மோட்டாருக்கு இவ்விரயம் வேண்டுவதில்லை. மைக்ரோகண்ட்ரோலர் ஒரு டிரான்ஸிஸ்டரை வினாடிக்குப் பல நூறு தடவை இயக்கி நிறுத்துகிறது. 6 வோல்ட் பாட்டரியில், அது இயங்கும் நேரம் பாதியாயின், மோட்டார் பெறுவது சராசரியாக ஏறத்தாழ 3 வோல்ட்டே; வேகமும் அதற்கேற்பக் குறையும். டிரான்ஸிஸ்டர் முழுமையாகக் கடத்துகிறது, அல்லது அறவே கடத்துவதில்லை; ஆதலின் அதில் வெப்ப இழப்பு சொற்பமே.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். மைக்ரோகண்ட்ரோலரின் முனை சில பத்து மில்லி ஆம்பியரே தாங்கும். மோட்டாரை அதனுடன் நேரே இணைத்தலாகாது. டிரான்ஸிஸ்டரின் பேஸ் முனைக்குச் சுமார் 470 ஓம் மின்தடை வழியாகவே சைகை செல்ல வேண்டும். அன்றியும், மின்னோட்டம் அறுபடும் கணத்தில் மோட்டாரின் கம்பிச் சுருள் எதிர் மின்னழுத்தத்தை எழுப்பும். பட்டையிட்ட முனை பாட்டரியின் நேர்முனைப் பக்கம் இருக்குமாறு மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடு இணைக்காவிடில், டிரான்ஸிஸ்டர் பழுதுபடக்கூடும். மாணவர் இணைப்பை முடித்ததும், மின்சாரம் செலுத்துமுன் ஆசிரியர் முதலில் நோக்க வேண்டியது இந்த டையோடையே.