சட்டைப்பையில் பொட்டலம் கிடைத்தால்...

பள்ளிப் பையனின் போதை என்றதும் நமக்குக் கஞ்சாதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பல வீடுகளில் போதை இன்னும் சத்தமில்லாமல் தொடங்குகிறது. பிள்ளைகள் கூல் லிப் என்று சொல்லும் புகையிலை, தேயிலைப் பை போன்ற குட்டிப் பொட்டலத்தில் வருகிறது. கீழுதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டால் புகை இல்லை, வாசனையும் சூயிங்கம் மாதிரி. வகுப்பில் உட்கார்ந்தபடியே பயன்படுத்தலாம், ஆசிரியருக்குத் தெரியாது.

அடுத்தது ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், பெயிண்ட் தின்னர். துணியில் நனைத்து முகர்கிறார்கள். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம் காணப்பட்ட ஒரே போதை இதுதான்: பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயது வரை 1.17 சதவீதம்.

மூன்றாவது, வலி மாத்திரை. டேபென்டடால் போன்றவற்றைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையின் துகள்கள் ரத்தக்குழாயை அடைக்கும். ஒரே ஊசி பல கை மாறினால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி வரை கொண்டுபோய்விடும்.

எதைக் கவனிப்பது?

ஒற்றை அடையாளத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கண் சிவப்பு கஞ்சாவால் இருக்கலாம். ராத்திரி இரண்டு மணி வரை செல்போன் பார்த்ததாலும் இருக்கலாம். கதவைச் சாத்திக்கொள்வதும் எதிர்த்துப் பேசுவதும் அந்த வயதின் குணம். பல மாற்றங்கள் சேர்ந்து, சில வாரங்களுக்குள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய நண்பர்கள் காணாமல் போய், பெயர் சொல்லத் தயங்கும் புதியவர்கள் வருவது. ஆசையாக ஆடிய கிரிக்கெட்டை விட்டுவிடுவது. அம்மாவின் பர்ஸில் பணம் குறைவது. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை.

உதட்டின் உட்புறம் வெள்ளைத் திட்டு, ஆறாத புண் இருந்தால் பல் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். வாயையும் மூக்கையும் சுற்றித் தடிப்பு, உடையில் பெயிண்ட் நெடி இருந்தால் முகரும் பழக்கத்தைச் சந்தேகிக்கலாம். வலி மாத்திரைக்குப் பழகியவனுக்கு அது கிடைக்காத நாளில் மூக்கு ஒழுகும், உடம்பு முறுக்கும், வயிற்றுப்போக்கு வரும். வீட்டில் அதைக் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் கொடுப்பார்கள்.

இரண்டு அவசரங்கள்

முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையை அதட்டாதீர்கள், துரத்தாதீர்கள். அந்த ரசாயனம் இதயத்துடிப்பைத் தடுமாற வைத்திருக்கும். திடீர்ப் பயமோ ஓட்டமோ அந்த இடத்திலேயே உயிரை எடுத்துவிடலாம்.

எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் உடனே 108. மூச்சு இருக்கும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன மாத்திரை என்று தெரிந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடியும் பொடியும்

பொட்டலம் கையில் கிடைத்த அன்று அப்பா கை ஓங்குவார், அம்மா சத்தியம் வாங்குவார். அடுத்த வாரம் பையன் பாட்டி ஊரில் இருப்பான். ஆறு மாதம் கழித்துத்தான் டாக்டரின் நினைவு வரும். பழக்கம் வேர்பிடிப்பது அந்த ஆறு மாதத்தில்தான். மூளையில் அவசரத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி சுமார் 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. “மனசு வெச்சா விட்டுடலாம்” என்று பதினைந்து வயதுப் பையனிடம் சொல்வது, அவனிடம் இன்னும் முழுமையாக இல்லாததைக் கேட்பதுதான்.

“அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்” என்று விளம்பரம் செய்யும் பொடிகளை வாசலிலேயே நிறுத்துங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

போதை தெளிந்த நேரமாகப் பார்த்து, ஒருவர் மட்டும் பேசுங்கள். “எவன் கத்துக் கொடுத்தான்?” என்று விசாரணை வேண்டாம். “எப்போ தோணுது, எதுக்குத் தோணுது?” என்று கேளுங்கள். பதிலில் பரீட்சைப் பயமோ, கேலியோ, பல மாதத் தூக்கமின்மையோ, வீட்டுச் சண்டையோ வெளிவரும். சிகிச்சை தொடங்க வேண்டிய இடம் அது.

போலீஸ் பயம்

“வெளியில் தெரிந்தால் கேஸாகிவிடும்” என்ற பயத்தில்தான் பலர் முடங்குகிறார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, தானே முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெறும் போதை அடிமைக்கு, பயன்படுத்தியதற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கை இழக்க நேரிடும். மருத்துவக் குறிப்புகள் ரகசியமாக இருப்பது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தந்த உரிமை. தண்டனை விற்பவனுக்கு: சிறுவர்களுக்குப் புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தால் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவுப்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

எங்கே போவது?

மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து தொடங்கலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும், 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும் இருக்கின்றன. எல்லாப் பிள்ளைக்கும் உள்நோயாளிச் சிகிச்சை தேவைப்படாது. தனியார் மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவைக் கேளுங்கள். சிறுவரைப் பெரியவர்களோடு சேர்த்துத் தங்கவைக்கக் கூடாது, குடும்பத்தில் ஒருவரோ அவர்கள் நியமிக்கும் உதவியாளரோ உடனிருக்க வேண்டும் என்பது சட்டம். “மூன்று மாதம் பார்க்க வராதீர்கள்” என்று சொல்லும் இடத்திலிருந்து பிள்ளையோடு திரும்பி வந்துவிடுங்கள்.

விட்ட பழக்கம் திரும்பவும் தொற்றலாம். அப்படியானால் சிகிச்சையை மாற்றிப் பார்க்க வேண்டும். பிள்ளையைக் கைவிடக் கூடாது. தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம். சந்தேகம் மட்டுமே இருந்தாலும் கூப்பிடுங்கள்.