மீன்தொட்டி வலைகளும் நோய்த் தடுப்பும்

சென்னைக் கொளத்தூர்ப் பகுதியில் பல குடும்பங்கள் வண்ணமீன் வளர்ப்பையே பிழைப்பாகக் கொண்டுள்ளன. கடன் வாங்கிப் பல மாதம் வளர்த்த மீன்கள் விற்பனைக்கு வரும் வேளையில் மடிந்துபோவதுண்டு. தண்ணீரையும் தீவனத்தையும் குறைகூறுவோர் பலர். எல்லாத் தொட்டிகளிலும் மாறிமாறி மூழ்கி எழும் கைவலையை ஐயுறுவோர் சிலரே.

வெண்புள்ளி நோயை எடுத்துக்கொள்வோம். அந்நோயின் நுண்ணுயிர் மீனின் தோலில் வளர்ந்து, பின் நீங்கி, தொட்டியில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பிரிகின்றது. பிரிந்தவை வேறு மீனைத் தேடி நீந்துகின்றன. ஈரவலையில் தங்கும் சிறிது நீரே அவற்றை அடுத்த தொட்டியில் கொண்டு சேர்த்துவிடும். முற்றும் உலர்ந்த வலையில் அவை பிழைப்பதில்லை.

வலையை மருந்துநீரில் தோய்த்தெடுத்தாலே போதுமென்று கருதுவோருண்டு. இங்கு நெசவாள அங்கத்தினரின் அனுபவம் துணைபுரியும். பருத்தி நூலை வெளுக்குமுன் சோடாவிலிட்டு வேகவைத்து, அதிலுள்ள மெழுகையும் அழுக்கையும் நீக்குகிறோமல்லவா? வலைக்கும் அதுவே முறை. மீனின் வழுவழுப்பும் கழிவும் படிந்த வலையை நேரே மருந்திலிட்டால், குளோரின் அப்படிவிலேயே வலுவிழந்துவிடும். இழைகளினிடையே ஒளிந்த கிருமி தப்பிவிடும். ஆகவே முதலில் ஓடும் நீரில் வலையை உள்வெளியாகத் திருப்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். சோப்பு வேண்டா, அதன் எச்சம் மீனின் செவுளுக்குக் கேடு.

பின்னர், பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 7 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, வலையை 1 மணி நேரம் ஊறவிடலாம். 30 சதவீதம் குளோரினுள்ள புதிய பவுடருக்கே இக்கணக்கு. ஈரம்பட்டு நெடி போன பவுடர் எவ்வளவு இட்டும் பயனில்லை. இரவு முழுதும் ஊறவிட்டால் நைலான் இழை நைந்துவிடும். நூலை அளவுமீறி வெளுத்துப் பார்த்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. எஞ்சிய குளோரின் மீனைக் கொல்லும். ஆதலால் நெடி அறவே நீங்கும்வரை பலமுறை அலசி, வெயிலில் நன்கு உலர்த்துக.

வலை உலரும் வரை வேலை நிற்காதிருக்க, தொட்டிக்கொரு வலை இருத்தல் நலம். இயலாதோர் நோயுற்ற தொட்டிக்கும் புதிதாக வந்த மீனுக்குமாவது தனி வலை வைத்து, பிடியில் வண்ணக் கயிறு கட்டி அடையாளமிடலாம். நாம் பார்வையிட்ட சில பண்ணைகளில் தனித்தனி வலைகள் உண்டு. ஆனால் அனைத்தும் ஒரே வாளி நீரில் கிடக்கின்றன!

காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமியும் மீன்களைத் தாக்குவதுண்டு. அது குளோரினுக்கு எளிதில் மடிவதில்லை. கழுவிய வலையை 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்து உலர்த்துதல் அதற்கு ஏற்றது; தீயருகே இதைச் செய்யலாகாது. இக்கிருமி கைப்புண் வழியே மனிதரையும் பற்றும். கையில் வெட்டுக்காயமுள்ளோர் ரப்பர் கையுறை அணிந்தே வலையைக் கழுவுக. ஆறாத புண் கண்டால், மீன்தொட்டியில் வேலை செய்வதை மருத்துவரிடம் தவறாது கூறுக.