விதி எழுதும் மேசையில் கள ஆய்வாளர்

படப்பை வழியாக ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்களைக் கணினிக்குள்ளும் ஓடவிட்டுப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான கற்பனைத் தொழிலாளர்களுக்கு வயது, வீடு, ஷிப்ட் எல்லாம் கொடுத்து, அவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கும் விதிகள் எழுதிவிட்டால், புதிய விடுதி வந்தால் வாடகை என்ன ஆகும், நோய் வந்தால் எங்கே முதலில் பரவும் என்று சோதிக்க முடியும். அந்த விதிகளைக் கணினி வல்லுநர் தாமே எழுதிவிட்டுக் கடைசியில் கள ஆய்வாளரிடம் புள்ளிவிவரம் மட்டும் கேட்டால், வரிசையே தலைகீழாகிவிடுகிறது. விதி எழுதும்போதே கள ஆய்வாளர் உடன் இருந்தாக வேண்டும்.

பாலித் தீவின் நெல்வயல்கள் இதற்குச் சான்று. எப்போது நடுவது என்பதை அங்கே விவசாயிகள் நீர்க்கோயில்களில் கூடி முடிவுசெய்து வந்தார்கள். 1970களில் பசுமைப் புரட்சி வந்ததும், அந்த முறையை விட்டுவிட்டு முடிந்தமட்டும் அடிக்கடி நடச் சொன்னது அரசு. தண்ணீர்த் தட்டுப்பாடும் பூச்சித் தாக்குதலும் சேர்ந்தே வந்தன. அந்தக் கோயில்களை நேரில் ஆராய்ந்திருந்த மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரோடு சேர்ந்து, சுபக் எனும் பாசனச் சங்கங்கள் 172ஐக் கணினியில் அமைத்தார். எல்லோரும் ஒன்றாக நட்டு அறுத்தால் வயல்கள் ஒருசேரத் தரிசாகிப் பூச்சி இரையின்றி மடியும். ஆனால் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் வேண்டும். ஆளுக்கொரு நேரம் நட்டால் தண்ணீர் போதும்; பூச்சி வயலுக்கு வயல் தாவிப் பிழைத்துக்கொள்ளும். நன்றாக விளைந்த பக்கத்துச் சங்கத்தைப் பார்த்து மற்றவை நடவை மாற்றிக்கொள்ளட்டும் என்ற விதியோடு ஓடவிட்டபோது, உண்மையான கோயில் குழுக்களை ஏறக்குறைய ஒத்த அமைப்பு தானாகவே உருவானது. பூச்சியையும் தண்ணீரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது களத்திலிருந்து வந்த அறிவு. அதை மெய்ப்பித்துக் காட்டியது, 1993இல் வெளியான இந்தக் கணினி ஆய்வு.

களத்துக்குப் போகாமல் எளிய மாதிரியே போதாதா என்று சிலர் கேட்பார்கள். சற்றே நம்மவர் அருகில் வேண்டும் என்ற மெல்லிய விருப்பம்கூட ஊரை இரண்டாகப் பிரித்துவிடும் என்று தாமஸ் ஷெல்லிங் 1971இல் மிக எளிய மாதிரியால் காட்டியது உண்மைதான். இப்படியும் நடக்கலாம் என்று காட்ட அது போதும். ஒரு குறிப்பிட்ட ஊருக்காக முடிவெடுக்கப் போதாது. 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை செய்தபோது, குடிசைப் பகுதிகளில் சுமார் 57 சதவீதம் பேருக்கும் மற்ற இடங்களில் 16 சதவீதம் பேருக்கும் கொரோனா வந்துபோன தடயம் இருந்தது. நெரிசலோடு பொதுக் கழிப்பறையும் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தப் பரிசோதனையில் பங்கெடுத்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தோடு சேர்ந்து மும்பைக்குக் கணினி மாதிரியும் அமைத்தது. அதில் குடிசைப் பகுதிகளைத் தனியாகவே கணக்கிட்டார்கள். நகரம் முழுவதற்கும் ஒரே சராசரி போட்டிருந்தால் இந்த வேறுபாடு சிக்கியிருக்காது.

ஒரகடத்திலும் அப்படித்தான். ஒரே அறையில் பகல் ஷிப்ட்காரரும் இரவு ஷிப்ட்காரரும் மாறி மாறித் தூங்குகிறார்களா என்பதும் வீடுகளை எண்ணினால் தெரியாது. அதன் அருகே வல்லம் வடகாலில் 2024இல் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. சுற்றுவட்டார வாடகை அதனால் எப்படி மாறும் என்று கணிக்க, இப்போது வாடகை தருவது தொழிலாளரா, கம்பெனியா, ஒப்பந்தக்காரரா என்று தெரிய வேண்டும். மனிதர்களை வெறும் புள்ளிகளாக்குவதா என்ற கள ஆய்வாளரின் தயக்கம் நியாயமானது. ஆனால் அவர் ஒதுங்கிக்கொண்டால் அந்த வேலை களம் அறியாதவர் கைக்குப் போய்விடும். கள ஆய்வுக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பது இன்னொரு வாதம். எல்லாவற்றையும் ஆராயத் தேவையில்லை. எந்த விதியை மாற்றினால் விடை புரள்கிறது என்று மாதிரியை ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அங்கே மட்டும் ஆள் அனுப்பலாம். வந்த விடையை விடுதிப் பெண்களிடமும் வீட்டுக்காரர்களிடமும் காட்டித் திருத்துவதற்கான பணத்தையும் நாட்களையும் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும்.