ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் இடைவழியில் நிற்பது ஏன்? காபரேற்றரைக் கழற்ற முன் பார்க்கவேண்டியவை

கிரவல் றோட்டிலும் காட்டோரப் பாதையிலும் வயற்கரையிலும் ஓடும் மோட்டார் சைக்கிள், தார் வீதியில் ஓடுவதைவிட விரைவாக நோய்ப்படும். ஐயன்கன்குளம் போன்ற உட்கிராமத்தில் இருப்பவர் அதை விளையாட்டுக்காக மண்ணில் ஓடுவதில்லை. வேலைக்குப் போவது, மீன்பெட்டி கட்டி வியாபாரத்துக்குப் போவது, பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றுவது, இரவில் காய்ச்சல் என்றால் மல்லாவி வைத்தியசாலைக்கு ஓடுவது எல்லாம் அந்த ஒரு பைக்கில்தான். தனியாக உழைத்துக் குடும்பம் பார்க்கும் பெண்களுக்கும், காலில் காயத்தோடு வாழ்பவர்களுக்கும் அதை இரண்டு கட்டை தூரம் தள்ளுவது என்பது சின்ன விடயம் அல்ல.

தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போனால் பல இடங்களில் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணை, காபரேற்றர் முடிஞ்சுது. புதுசு போடுவம்." புதிதாக வருவது பெரும்பாலும் பேர் ஊர் தெரியாத மலிவுச் சாமான். அதைப் போட்டபின் சில நாள் ஓடும். பிறகு அதே நிற்பு. பழுது காபரேற்றரில் இருந்தால்தானே அதை மாற்றித் தீரும்? பெற்றோல் ராங்கின் மூடியில் இருக்கும் பழுதுக்குக் காபரேற்றரை மாற்றிய கதைகள் எங்கள் ஊர்களில் தாராளம்.

ஒரு பைக் எப்படி நிற்கிறது என்பதே பழுது எங்கே இருக்கிறது என்பதைப் பாதி சொல்லிவிடும். ஐந்து நிமிடம் ஓடி நிற்கிறதா, ரேஸ் பண்ணும்போது நிற்கிறதா, ரேஸை விட்டால் நிற்கிறதா, சோக் இழுத்தால் மட்டும் ஓடுகிறதா? இதைக் கவனிக்காமல் ஸ்பனரை எடுப்பவரிடம் பைக்கைக் கொடுக்காமல் விடுவது நல்லது.

பெற்றோல் போகும் வழி நீளமானது அல்ல. ராங்க், அதன் கீழே வடியோடு கூடிய ராப், ஒரு ரியூப், பிறகு காபரேற்றரின் அடிக்கிண்ணம். கிண்ணத்துக்குள் ஒரு மிதவை இருக்கிறது. கிண்ணம் நிறைந்ததும் மிதவை மேலெழுந்து ஒரு ஊசியால் வழியை அடைக்கும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் மிதவை வால்வும் இதே வேலையைத்தான் செய்கிறது. கிண்ணத்திலிருந்து ஜெற் எனப்படும் நுண்துளைகள் வழியே பெற்றோல் மேலே உறிஞ்சப்பட்டு, காற்றோடு கலந்து இஞ்சினுக்குள் போகிறது.

இஞ்சின் எரிப்பது பெற்றோலின் ஆவியை. இது எங்கள் சனத்துக்குப் புதிய பாடம் அல்ல. 1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கி, எரிபொருள் வடக்குக்கு வராமல் தடுக்கப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணமே மண்ணெண்ணெயில் ஓடியது. ஒரு சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, இஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். குளிர்ந்த இஞ்சினிலும் பெற்றோல் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். அதனால்தான் அந்தத் துளிப் பெற்றோல். அப்போது கரிபிடித்த பிளக்கைத் துடைத்துத் துடைத்துப் போட்டவர்களுக்கு, கீழே சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே கைப்பழக்கமாக இருக்கும். இன்றைக்கு அவர்களின் பிள்ளைகள்தான் நின்ற பைக்கைக் கராஜுக்குத் தள்ளுகிறார்கள்.

பைக் நின்ற அந்த இடத்திலேயே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இல்லாமல் போனது பெற்றோலா நெருப்பா என்பது. சில தடவை உதைத்துப் பார்த்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். நுனி காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. நனைந்து மணத்தால் பெற்றோல் வந்திருக்கிறது. நெருப்பு இல்லை, அல்லது பெற்றோல் அளவுக்கு மிஞ்சி வந்து பிளக்கை மூழ்கடித்திருக்கிறது. துடைத்த பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, உலோக உடலை இஞ்சினில் முட்டவைத்து உதைத்தால் நீலப்பொறி தெரியவேண்டும். இதைச் செய்யமுன் பெற்றோல் ராப்பை மூடுங்கள். பிளக் கழற்றிய துளைக்குப் பக்கத்தில் பொறி விழக்கூடாது. அந்தத் துளையால் வருவதும் எரியும் ஆவிதான்.

பைக் ஆறிய பிறகு பொறி பார்ப்பதால் பயனில்லை. சூடேறினால் செத்து, ஆறினால் உயிர்க்கும் மின்கொயில்கள் இருக்கின்றன. அவை எரிபொருள் பழுதைப் போலவே நடிக்கும். அதனால்தான் நின்ற உடனேயே பார்க்கச் சொல்கிறேன்.

பொறி நன்றாக இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது என்றால் அடுத்தது ராங்கின் மூடி. அதிலே ஒரு நுண்துளை உண்டு. மண்பாதைக்கென்று செய்த பைக்குகளில் மூடியிலிருந்து ஒரு சின்ன ரியூப் நீட்டிக்கொண்டிருக்கும். பெற்றோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகவேண்டும். துளை சேற்றால் அடைபட்டால் ராங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெற்றோல் இறங்காமல் தொங்கும். போத்தலைக் கவிழ்த்து வாயைப் பாதி பொத்திப் பார்த்தவருக்கு இது விளங்கும். பைக் ஐந்து பத்து நிமிடம் நன்றாக ஓடி, இழுவை குறைந்து, நின்றுவிடும். நீங்கள் வியர்வை துடைத்து யாருக்கோ போன் எடுக்கும் நேரத்துக்குள் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும். உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்ராட் ஆகும். இந்தப் பழுது கராஜ் வாசலில் ஒருபோதும் தெரியாது.

நின்றவுடன் மூடியைத் திறவுங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் ஆளைப் பிடித்தாயிற்று. மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்கச் சிலர் மூடிக்குக் கீழே சொப்பிங் பை வைத்துப் பூட்டுவார்கள். அது தண்ணீரோடு சேர்த்துக் காற்றையும் தடுக்கும்.

சத்தம் தெளிவாக இல்லையென்றால் ஒரு வெற்றுப் போத்தல் போதும். இஞ்சின் ஆறியபின், பக்கத்தில் பீடியோ அடுப்போ இல்லாத இடத்தில், காபரேற்றரில் மாட்டியிருக்கும் ரியூப்பைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டு ராப்பைத் திறவுங்கள். பெற்றோல் ஒரே ஒழுக்காக வந்துகொண்டே இருந்தால் ராங்கிலிருந்து ரியூப் வரை குறையில்லை, பார்க்கவேண்டியது காபரேற்றரை. நன்றாகத் தொடங்கிப் போகப் போக மெலிந்தால் மூடித் துளை. தொடக்கத்திலிருந்தே சொட்டுச் சொட்டாக வந்தால் ராப்பின் வடியோ, இடையில் இருக்கும் பில்ரரோ, மடிந்துபோன ரியூப்போ. இரண்டு நிமிட வேலை. செலவும் இல்லை. இதைச் செய்யாமல் காபரேற்றரைக் கழற்றுவது வீண் வேலை. சில பைக்குகளில் இஞ்சின் உறிஞ்சினால் மட்டும் திறக்கும் ராப் இருக்கிறது. அதில் 'பிறைம்' என்ற நிலை இருந்தால் அதில் வைத்துப் பாருங்கள்.

இனிக் காபரேற்றர். சோக் இழுத்தால் ஓடுகிறது, சோக்கை விட்டால் நிற்கிறது, ரேஸ் பண்ணிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்றால் பெரும்பாலும் ஸ்லோ ஜெற் அடைத்திருக்கும். இஞ்சின் சும்மா நின்று ஓடும்போது அதற்குச் சாப்பாடு கொடுப்பது இந்த ஜெற்தான். அதன் துளை அரை மில்லிமீற்றரிலும் குறைந்தது. ஒரு மணற்பொடியே அதை அடைக்கும். கிளச் வயரின் ஒரு இழையை விட்டுக் குத்துவது எங்கள் ஊர்களில் பரவலான வைத்தியம். தயவுசெய்து வேண்டாம். பித்தளை மென்மையான உலோகம். துளை பெருத்தால் பைக் அதன்பின் கூடுதலாகப் பெற்றோல் குடிக்கும். காபரேற்றர் கிளீனர் அடித்து, காற்றழுத்தத்தால் ஊதினால் போதும். அதற்கும் வழி இல்லையென்றால் மெல்லிய தங்கூசி நூலை விடலாம். நைலோன் பித்தளையைச் சுரண்டாது. ஜெற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமாக ஒளி தெரியவேண்டும்.

ஜெற் துப்புரவாக இருந்தும் அதே குணம் காட்டினால், காபரேற்றரையும் இஞ்சினையும் இணைக்கும் றப்பரைப் பாருங்கள். வெயிலில் கிடந்த பழைய பைக்குகளில் அது வெடித்து, அந்த வெடிப்பால் கள்ளக் காற்று உள்ளே போகும்.

இதற்கு மாறாக, நின்று ஓடும்போது நன்றாக இருந்து ரேஸ் பண்ணினால் இருமி நின்றால் மெயின் ஜெற், அல்லது முதலில் சொன்ன ஒழுக்குக் குறைவு. சேறும் தண்ணீரும் ஊறிய எயார் பில்ரரும் இப்படிச் செய்யும். ஆனால் அப்போது பிளக் கறுத்துப்போயிருக்கும்.

காபரேற்றரின் கீழ் ரியூப்பால் பெற்றோல் வடிந்தால் மிதவை ஊசி மூடவில்லை. ஸ்பனர்ப் பிடியால் கிண்ணத்தில் மெல்லத் தட்டிப் பாருங்கள், சிக்கிய தூசு விலகலாம். விலகாவிட்டால் மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சளசளத்தால் அது ஓட்டை. இப்படி வடிந்த பைக்கின் இஞ்சின் ஒயிலை அவசியம் மணந்து பாருங்கள். பெற்றோல் மணந்தால் ஒயிலை மாற்றாமல் ஓடாதீர்கள். ஒயில் தண்ணீராகிப் பிஸ்ரன் பிடித்துவிட்டால், அந்தச் செலவோடு ஒப்பிட்டால் காபரேற்றர் ஒன்றும் இல்லை.

மாரியில் வாய்க்கால் கடந்து ஓடுபவர்களுக்கு இன்னொன்று. கிண்ணத்தின் அடியில் ஒரு வடிப்பு ஆணி இருக்கும். அதைத் தளர்த்திக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துச் சற்றுநேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். செம்மண் நிறத்தில் தூள் படிந்தால் அது ராங்கின் துரு. ராங்கைக் கழுவாமல் ஜெற்றை எத்தனை தரம் கழுவினாலும் அடுத்த மாதம் அதே இடத்தில் நிற்பீர்கள்.

2022இல் பெற்றோல் வரிசைகளும், பிறகு கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றரும் என்று இருந்தபோது, பலர் பைக்கை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள், கிடைத்ததைக் கானில் சேர்த்தார்கள். நாட்பட்ட பெற்றோல் ஆவியாகிப் பிசினாகும். முதலில் அடைவது ஸ்லோ ஜெற். அப்படி நிறுத்துவதென்றால் ராப்பை மூடி, இஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலியாக்கிவிடுங்கள். வெளிநாட்டிலிருப்பவர் வரும்போது ஓட என்று வீட்டில் போர்த்து வைத்திருக்கும் பைக்குக்கும் இதுவே.

இங்கே சொன்னதெல்லாம் காபரேற்றர் பைக்குகளுக்கு. புதிதாக வரும் பைக்குகள் பலவற்றில் காபரேற்றரே இல்லை, ராங்குக்குள் ஒரு பம்ப் இருக்கிறது. திறப்பைப் போட்டதும் ஓரிரு செக்கன் மெல்ல முனகுவது அந்தப் பம்ப். முனகல் கேட்கவில்லையென்றால் முதலில் பியூசைப் பாருங்கள். அந்தப் பைக்குகளில் ரியூப்பைக் கழற்றிப் போத்தலில் பிடிக்கும் சோதனையைச் செய்யவேண்டாம். பெற்றோல் அழுத்தத்தோடு முகத்தில் பீச்சும்.