தோட்டா ஒன்றுக்கு 12 கிராமா, 24 கிராமா? இந்திய ராணுவம் மீண்டும் ‘பெரிய’ தோட்டாவைக் கையில் எடுத்தது ஏன்?

எல்லையில் நிற்கும் ராணுவ வீரரின் தோளில் இப்போது இருப்பது என்ன துப்பாக்கி? சில இடங்களில் அமெரிக்காவின் சிக் 716. சில இடங்களில் உத்தரப்பிரதேசத்தில் தயாராகும் ஏகே-203. பல இடங்களில் பழைய இன்சாஸ். மூன்றுக்கும் மூன்று வகைத் தோட்டா. ஒன்றின் தோட்டாவை இன்னொன்றில் போட முடியாது.

எதற்காக இந்தக் குழப்பம்? நல்லதாக ஒரே துப்பாக்கியைப் பார்த்து வாங்கினால் போதாதா? உண்மையில் ராணுவம் முதலில் தேர்வு செய்ய வேண்டியது துப்பாக்கியை அல்ல, தோட்டாவை. அங்கேதான் சிக்கலே.

7.62 என்றால் எல்லாம் ஒன்றா?

பலரும் குழம்பும் இடம் இது. தோட்டாவின் பெயரில் வரும் முதல் எண், பாய்ந்து செல்லும் குண்டின் விட்டம். இரண்டாவது எண், வெடிமருந்து நிரப்பிய உறையின் நீளம். இரண்டுமே மில்லிமீட்டரில். ஏகே ரகத் துப்பாக்கிகளின் தோட்டா 7.62x39. சிக் 716-ன் தோட்டா 7.62x51. குண்டின் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் உறை நீளமானால் மருந்தும் அதிகம், வேகமும் அதிகம்.

இன்சாஸ் பயன்படுத்துவது 5.56x45. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்:

* 5.56x45: குண்டின் எடை சுமார் 4 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 930 மீட்டர், ஆற்றல் சுமார் 1,700 ஜூல். முழுத் தோட்டாவின் எடை சுமார் 12 கிராம்.
* 7.62x39: குண்டு சுமார் 8 கிராம், வேகம் சுமார் 720 மீட்டர், ஆற்றல் சுமார் 2,000 ஜூல். முழுத் தோட்டா சுமார் 16 கிராம்.
* 7.62x51: குண்டு சுமார் 9.5 கிராம், வேகம் சுமார் 840 மீட்டர், ஆற்றல் சுமார் 3,300 ஜூல். முழுத் தோட்டா சுமார் 24 கிராம்.

அப்போ பெரியதையே எடுத்துக்கொள்ளலாமே?

அவ்வளவு சிம்பிள் இல்லை. ஒரு வீரர் 200 தோட்டாக்களைச் சுமப்பதாக வைத்துக்கொள்வோம். 5.56 என்றால் 2.4 கிலோ. 7.62x51 என்றால் 4.8 கிலோ. மேகசின் எடை தனி. தண்ணீர், உணவு, குண்டு துளைக்காத கவசம், வயர்லெஸ் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மலை ஏறுபவருக்கு இந்த 2.4 கிலோ வித்தியாசம் பெரிய விஷயம். அதே எடையைத்தான் தூக்க முடியும் என்றால், பாதித் தோட்டாதான் கையில் இருக்கும்.

அடுத்தது பின்னுதைப்பு. பெரிய தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கி தோளை ஓங்கி உதைக்கும், குழல் மேலே எழும்பும். அடுத்த குண்டுக்கு மறுபடியும் குறிபார்க்க நேரம் பிடிக்கும். வரிசையாகப் படபடவெனச் சுட்டால் முதல் குண்டைத் தவிர மற்றவை எங்கே போகும் என்று சொல்வது கஷ்டம். வியட்நாம் போரில் அமெரிக்கா 7.62x51 தோட்டா போட்ட எம்14-ஐ விட்டுவிட்டு 5.56-க்கு மாறியதற்கு இந்தக் காரணங்களும் உண்டு.

இந்தியா கடந்து வந்த பாதை

1962 சீனப் போரில் இந்திய வீரர்கள் பலர், ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டிய .303 ரைபிள்களுடன் நின்றார்கள். அதன் பிறகு வந்தது எஸ்எல்ஆர். அது 7.62x51 தோட்டாவுடன், கனமாகவும் நீளமாகவும் இருந்தது. அடித்தால் விழும் என்று பழைய வீரர்கள் இன்றும் சொல்லும் துப்பாக்கி அது.

உலகம் சின்னத் தோட்டாவுக்கு மாறியபோது இந்தியாவும் மாறியது. 1990-களின் இறுதியில் இன்சாஸ் வந்தது. 1999 கார்கில் போரின் கடுங்குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டதாகப் புகார்கள் எழுந்தன. அது துப்பாக்கியின் குறை. தோட்டாவைப் பற்றிய புகார் வேறு: குண்டு பட்ட பிறகும் எதிராளி திருப்பிச் சுடுகிறார் என்பது.

எதிராளி காயம்பட்டால் அவரைத் தூக்க இரண்டு பேர் வருவார்கள், மூன்று பேர் சண்டையிலிருந்து விலகுவார்கள் என்று சின்னத் தோட்டாவுக்கு ஆதரவாக ஒரு வாதம் சொல்லப்படுவதுண்டு. நாடுகளுக்கு இடையிலான போருக்கு அது பொருந்தலாம். காஷ்மீரில் ஒரு வீட்டுக்குள் பதுங்கி, சாகும்வரை சுடத் தயாராக வந்தவரிடம் இந்தக் கணக்கு செல்லாது.

ஆளுக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று

ராணுவம் கடைசியில் வேலையைப் பிரித்தது. 2019 பிப்ரவரியில் 72,400 சிக் 716 ரைபிள்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. 2024-ல் மேலும் 73,000. இவற்றில் பெரும்பகுதி எல்லையில் நிற்கும் காலாட்படைக்கு. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சுட வேண்டிய இடத்தில் தூரம்தான் முக்கியம். இன்சாஸின் பயன்தரும் தூரம் சுமார் 400 மீட்டர் என்றால், சிக் 716-க்கு 500 முதல் 600 மீட்டர். இந்திய ராணுவத்தின் நடுத்தர இயந்திரத் துப்பாக்கிகளும் இதே 7.62x51 தோட்டாவைப் பயன்படுத்துவது கூடுதல் வசதி.

மற்றவர்களுக்கு ஏகே-203. 2021 டிசம்பரில் 6 லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அமேதி மாவட்டம் கோர்வாவில் ரஷ்யக் கூட்டுடன் தயாராகிறது. பாதுகாப்பு அமைச்சகம் சொல்லும் பயன்தரும் தூரம் 300 மீட்டர். அதைத் தாண்டினால் குண்டு வேகமாகத் தாழும். ஆனால் வீடு, தெரு, காடு போன்ற நெருக்கமான சண்டைக்கு இது போதும். 30 தோட்டா மேகசின், சிக் 716-ஐ விடக் குறைவான உதைப்பு. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை உருவாக்கிய ‘திருச்சி அசால்ட் ரைபிள்’ சுடுவதும் இதே 7.62x39 தோட்டாவைத்தான்.

இதற்கு விலை இல்லையா?

இருக்கிறது. மூன்று வகைத் தோட்டா என்றால் மூன்று வகை இருப்பு, மூன்று வகை விநியோகம். பனியில் சாலை அடைபட்ட ஒரு முகாமுக்குத் தவறான பெட்டி போய்ச் சேர்ந்தால், நல்ல துப்பாக்கியும் வெறும் இரும்புதான்.

அமெரிக்காவும் இதே கேள்வியுடன்தான் நிற்கிறது. 2022-ல் அந்நாட்டு ராணுவம், 5.56-ஐ விடச் சக்தி கூடிய 6.8x51 தோட்டா போட்ட புதிய ரைபிளைத் தேர்வு செய்தது. நவீன கவசங்களைத் துளைக்க வேண்டும் என்பது காரணம். எடை கூடும், மேகசினில் தோட்டா குறையும் என்பதே அதன் மீதான முக்கிய விமர்சனம். எம்14 காலத்தில் கேட்ட அதே புகார்.