கடலட்டைக்கு என்ன ஆகாரம்?

பொதிகை மலையில் பிறந்து, திருநெல்வேலிச் சீமையை நெற்களஞ்சியமாக்கிவிட்டு, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது தாமிரபரணி. அந்த ஆற்றங்கரையில் காரும் பிசானமும் விளையும் வயல்களைப் பார்த்தவர்களுக்கு, விவசாயம் இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. விதை வேண்டும், விதைத்தபின் எரு வேண்டும், அதன் பிறகுதான் அறுவடை. ஆனால் அதே ஆறு சென்று சேரும் மன்னார் வளைகுடாவிலோ, மனிதன் நெடுங்காலமாக அறுவடையை மட்டுமே செய்து வந்திருக்கிறான். முத்தோ, சங்கோ, கடலட்டையோ, விதைத்தவன் ஒருவனுமில்லை. மூழ்கி எடுத்தவன்தான் உண்டு.

இந்த வழக்கத்தை மாற்றும் முயற்சி தூத்துக்குடியில் நடந்தது. 1973-ம் வருஷத்தில் இந்தியாவிலேயே முதன்முதலாக வளர்ப்பு முத்தை விளைவித்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையந்தான், 1988-ல் கடலட்டையையும் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்தது. டாக்டர் டி. பி. ஜேம்ஸ் நடத்திய ஆராய்ச்சி அது. அதன் வெற்றி முழுவதும் ஒரு சின்னக் கேள்வியைப் பொறுத்திருந்தது: குஞ்சுக்கு என்ன ஆகாரம் கொடுப்பது?

மண்ணுண்ணும் பிராணி

அட்டை என்றதும் மழைக்காலத்து அட்டையை நினைத்து முகஞ்சுளிக்க வேண்டாம். கடலட்டை இரத்தம் குடிக்கும் ஜாதியல்ல. வெள்ளரிக்காய் போன்ற உருவத்துடன் கடலடியில் கிடக்கும் பரம சாது. நட்சத்திர மீனும், முட்கள் சூழ்ந்த கடல் முள்ளெலியும் இதற்கு நெருங்கிய உறவு. மண்ணை விழுங்கி, அதிலுள்ள மட்கிய பொருள்களை ஜீரணித்துக்கொண்டு, மிச்ச மணலை வெளியே தள்ளிவிடும். வயலுக்கு மண்புழு செய்யும் தொண்டைக் கடலடிக்கு இது செய்கிறது.

நம்மவர்கள் இதைச் சாப்பிடுவதில்லை. சீனர்களுக்கோ இது விருந்துப் பண்டம். குடலை நீக்கி, வேகவைத்து, மணலில் புதைத்துத் தோலை அகற்றி, மறுபடி அவித்து, வெயிலில் உலர்த்திக் கப்பலேற்றினால் நல்ல விலை. சென்னை ராஜதானியின் மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் இந்தத் தொழிலைப் பற்றி 1917-லேயே எழுதியிருக்கிறார். நம் கடற்கரையில் ‘வெள்ளை அட்டை’ என்று வழங்கும் இனத்துக்கே இவ்வியாபாரத்தில் பெருமதிப்பு.

விலை ஏறியது, அட்டை குறைந்தது. 1982-ல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த உலர்ந்த அட்டையை ஏற்றுமதி செய்யலாகாது என்று சர்க்கார் விதித்தார்கள். அதுவும் போதவில்லை. 2001-ல் கடலட்டை இனங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. அன்று முதல் அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும்.

கண்ணுக்குத் தெரியாத பந்தி

தூத்துக்குடித் தொட்டியில் நடந்ததைப் பார்ப்போம். தொட்டி நீரின் உஷ்ணத்தை மூன்று முதல் ஐந்து டிகிரி வரை உயர்த்தினால், முதலில் ஆண் அட்டைகள் விந்தை வெளியிடுகின்றன; பின்பு பெண் அட்டைகள் முட்டைகளைச் சொரிகின்றன. ஒரு தாய் லட்சக்கணக்கில் முட்டையிடும். இரண்டு நாளில், காது போன்ற உருவமும் கண்ணாடி போன்ற உடலும் கொண்ட இளவுயிர்கள் நீரில் மிதக்கத் தொடங்கும்.

இங்கேதான் தாயின் கவலை ஆராய்ச்சியாளரைப் பற்றிக்கொள்கிறது. இந்தப் பருவத்துக் குஞ்சு மண் தின்னாது. ‘ஐசோகிரைசிஸ்’ என்னும் பொன்னிற நுண்பாசியே அதற்குத் தாய்ப்பால். ஆகையால் குஞ்சு பொரிப்பவர் முதலில் பாசிப் பயிர் செய்யக் கற்க வேண்டும். ஒரு மில்லி லிட்டர் நீரில் 20,000 முதல் 30,000 பாசி அணுக்கள் இருப்பது அளவு. குறைந்தால் குஞ்சு பட்டினி. மிகுந்தால் நீர் கெட்டுக் குஞ்சுக்கே ஆபத்து. அமுதமும் அளவுடன் இருக்க வேண்டும் என்பது இங்கே கண்கூடு.

சுமார் பத்தாம் நாளில் குஞ்சு பீப்பாய் வடிவெடுக்கிறது. அந்தப் பருவத்தில் அது ஒன்றுமே உண்பதில்லை. பிறகு ஐந்து உணர்கொம்புகளுடன் அடித்தளத்தில் ஒட்டிக்கொள்கிறது. மறுபடி பசிக்கத் தொடங்குகிறது. இப்போது வேறு ஆகாரம் வேண்டும். நம் கடலில் தாராளமாக வளரும் கட்டக்கோரைப் பாசியை அரைத்து, மெல்லிய சல்லடையில் வடித்து அந்தச் சாற்றைக் கொடுத்தார்கள். குஞ்சு வளர வளரச் சல்லடைக் கண்ணும் பெரிதாகும். குழந்தைக்குக் கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்குப் பழக்குவது போலத்தான் இதுவும். இன்னும் வளர்ந்த பின், இறால் பண்ணையில் விட்டாலும் போதும். இறால் தின்று மிஞ்சிய தீனியும் கழிவும் கலந்த சேறே அட்டைக்கு ஆகாரமாகிறது. ஒன்றின் எச்சம் மற்றொன்றின் விருந்து!

பாகம் பண்ணிய தீனி

கடலட்டைப் பண்ணைகள் பெருகிய சீனத்தில் ஒரு வகைக் கடற்பாசிப் பொடியையும் கடற்சேற்றையும் கலந்து தீனியாக்கினார்கள். பண்ணைகள் பெருகப் பெருக, அந்தப் பாசிக்கே பஞ்சம் வந்தது. பிறகுதான் வேறு பாசிகளையும் சோயா முதலிய தானிய மாவுகளையும் சேர்த்துப் பக்குவம் பார்க்கத் தொடங்கினார்கள். நாமும் கவனிக்க வேண்டிய பாடம் இது. அட்டையைக் காப்பதற்காகக் கட்டக்கோரையைச் சூறையாடினால், ஒரு கண்ணுக்கு மை தீட்ட மறு கண்ணைக் குத்திக்கொண்ட கதையாகும்.

உறவினனான கடல் முள்ளெலியின் கதையும் இதையே சொல்கிறது. ஜப்பானியர் அதன் ஓட்டுக்குள்ளிருக்கும் இனப்பெருக்கச் சுரப்பியை விரும்பி உண்கிறார்கள். பாசி தீர்ந்துபோன பாறைகளில் வாழும் முள்ளெலியை உடைத்தால் உள்ளே வெறும் கூடுதான். அதைப் பிடித்து வந்து, புரதம் நிறைந்த தீனியைச் சில வாரம் கொடுத்தால் சுரப்பி பெருக்கிறது. ஆனால் பொன்னிறம் தரும் சத்து தீனியில் இல்லாவிட்டால் நிறம் வெளுத்து விலை குறைந்துவிடும். ஜப்பானின் கனகாவா பகுதியில் முட்டைக்கோஸைக் கொடுத்தும் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். போட்ட தீனியே பலனாகத் திரும்பி வருகிறது; எருவுக்கேற்ற விளைச்சல் என்பது கடலுக்கும் பொருந்தும்.

சட்டமும் வயிறும்

இத்தனையும் அறிந்த பிறகும், 1988-ல் தூத்துக்குடியில் எழுதப்பட்ட பாடம் நம் கரையில் தொழிலாக மலரவில்லை. தடை வந்ததும் மூழ்கிப் பிழைத்தவர்களின் வருமானத்தில் ஒரு வாசல் அடைபட்டது. கள்ளக் கடத்தலோ நிற்கவில்லை. தூத்துக்குடி, இராமநாதபுரம் கரைகளில் அட்டை மூட்டைகள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. கடலுக்கு அக்கரையில், இலங்கையின் வடகரையில், அனுமதி பெற்ற பண்ணைகளில் அதே வெள்ளை அட்டை வளர்கிறது.

தடையை அவசரப்பட்டு நீக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கடலில் தானாக வளர்ந்த அட்டைக்குப் பாதுகாப்பு அவசியமே. ஆனால் தொட்டியில் பிறந்து, மனிதன் கையால் உண்டு வளர்ந்த அட்டையையும் அதே கட்டில் வைப்பது நியாயமா என்று யோசிக்க வேண்டும். குஞ்சுகளில் ஒரு பங்கு முதலில் கடலுக்கே திரும்பட்டும். மற்றொரு பங்கு, கடுமையான கண்காணிப்பில், கடற்கரைக் குடும்பங்களின் கைக்குப் போகட்டும். எந்தப் பண்ணையில் பிறந்தது என்ற கணக்கில்லாத அட்டைக்குச் சந்தையில் இடமில்லாமல் செய்வது சர்க்காரின் பொறுப்பு.

உணவூட்டத் தெரிந்தவனுக்கே அறுவடை செய்யும் உரிமை உண்டு என்பது தாமிரபரணிக் கரை உழவன் அறிந்த நீதி. அந்த நீதி, ஆறு கடலில் கலக்குமிடத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை.